கேட்டுவிட்டு வந்து சொல்கிறோம்

நகராட்சியின் துப்புரவுப் பிரிவில் ஆளுக்குப் பெயர் தேவைப்படவில்லை. யார் எந்தத் தெருவைப் பெருக்குகிறாரோ அந்தத் தெருவே அவர். "பஸ் ஸ்டாண்டுக்குக் காய்ச்சல், இன்னிக்கு வரல" என்றால் மேஸ்திரிக்குப் புரிந்துவிடும். "கோர்ட்டு ரோடும் ஆஸ்பத்திரி ரோடும் பேசிக்கறதில்ல" என்றாலும் புரியும். அந்தக் கணக்கில் இவள் கடைத்தெரு அக்கா. பாத்திரக்கடை முனையிலிருந்து மணிக்கூண்டு வரை இரண்டு ஓரமும் இவள் பொறுப்பு.

நெடுநெடுவென்ற ஒல்லி உடம்பு. பேசுவதைவிட முணுமுணுப்பது அதிகம். வேலை நிரந்தரமான வருஷமே சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். சந்தா கொடுப்பாள், கூட்டம் என்றால் போவாள், எல்லோரும் கை தூக்கும்போது தானும் தூக்குவாள். சங்கத்துக்கும் அவளுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

சங்க அறை, லாரிகள் பழுது பார்க்கும் கொட்டகைக்கு மேலே மாடியில் இருந்தது. கீழே யாராவது இரும்பைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், மேலே தலைவர் பேசிக்கொண்டே இருப்பார். தலைவர் அதே கொட்டகையில் மெக்கானிக். கையுறையும் காலணியும் வாங்கிக் கொடுத்தவர் அவர். தினக்கூலியாக இருந்தவர்களை நிரந்தரமாக்க அலையாய் அலைந்தவரும் அவர்தான். அதை யாரும் மறக்கவில்லை. ஆனால் வருஷம் போகப் போக அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தானே போவார், தானே பேசுவார், திரும்பி வந்து "முடிச்சிட்டேன்" என்பார். கேட்பவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. வாரக் கடைசியில் மாடி ஏறி உட்கார்ந்து கொட்டாவி விடுவதற்கு யாருக்குத்தான் ஆசை? கூட்டத்துக்கு வரும் தலைகள் குறைந்துகொண்டே வந்தன.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் அவர் சொன்னார்:

"அடுத்த மாசத்திலேருந்து ஒரே ஷிப்டு. காலையில அஞ்சு மணிக்கு வந்தா மத்தியானம் பன்னெண்டோட வீட்டுக்குப் போயிடலாம். இனிமே ரெண்டு தடவை அலைய வேணாம். அதிகாரிகிட்டப் பேசி முடிச்சிட்டேன்."

இருந்தவர்கள் கை தட்டினார்கள். கடைத்தெரு அக்கா கை தட்டவில்லை. அப்போது வேலை இரண்டு துண்டாக இருந்தது. காலையில் நாலு மணி நேரம், மதியத்துக்குமேல் மூன்று மணி நேரம். நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் அவள் குடும்பம் ஓடியது. அவள் புருஷன் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து, இப்போது இரண்டு ஊன்றுகோல் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் நடமாடுகிறார். பத்து மணிக்கு அவள் வந்துதான் அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு போட்டு, திரும்ப வேலைக்குப் போவாள். அஞ்சு மணிக்கு வேலை என்றால் நாலு மணிக்கே கிளம்ப வேண்டும். அப்புறம் பகல் பன்னிரண்டு தாண்டும் வரை அந்த மனிதரை யார் பார்ப்பது?

யோசித்து எழுந்தாளா, கால் தானாக எழுந்துகொண்டதா என்று அவளுக்கே தெரியாது.

"யாரைக் கேட்டு முடிச்சீங்கண்ணே?"

தலைவர் கோபப்படவில்லை. கூட்டத்தில் இருந்து கேள்வி வந்து ரொம்ப நாளாகியிருந்ததால், யார் பேசியது என்று முதலில் தேடினார்.

"உங்களுக்காகத்தானம்மா பேசினேன்."

"எங்களுக்காகன்னா எங்களைக் கேட்டிருக்கலாமே."

"அத்தனை பேரையும் எப்படிக் கேக்குறது? ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. சரி, நீங்களே கேட்டுட்டு வாங்க. அடுத்த கூட்டத்துல பாப்போம்."

பாதி கிண்டலாகத்தான் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அவள் முகம் சிவக்க உட்கார்ந்தாள். ஆனால் வாய் விட்டாயிற்று, இனி பின்வாங்கினால் கேலிக்கு அளவிருக்காது.

மறுநாளே ஆரம்பித்தாள். காலையில் ஆஜர் போடும் கொட்டகையில், துடைப்பம் எடுக்க வரிசையில் நிற்கும்போது, தள்ளுவண்டிக்குக் காற்றடிக்கும்போது, டீக்கடை பெஞ்சில். எல்லோரும் தன் பக்கம்தான் இருப்பார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதனால் கேட்ட விதமும் அப்படித்தான் இருந்தது. "அஞ்சு மணி இருட்டுல நாய் துரத்தினா யாருக்கா பொறுப்பு? ஒரே ஷிப்டு நமக்குச் சரிப்படுமா சொல்லுங்க" என்பாள்.

கோர்ட்டு ரோடு எதையும் சும்மா விடுகிற ஆள் இல்லை. குட்டையான உடம்பு, பெரிய குரல்.

"ஏன்டி, நீ கேள்வி கேக்குறியா, பதில் சொல்லிக் குடுக்குறியா?" என்றாள்.

கடைத்தெரு அக்காவுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து "ஒரே ஷிப்டு பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது பெருக்குவதைவிடக் கஷ்டமான வேலையாக இருந்தது, ஏனென்றால் வந்த பதில்கள் அப்படி.

"வேணும்க்கா" என்றாள் பஸ் ஸ்டாண்டு. சின்ன வயசுக்காரி, பள்ளிக்கூடம் போகிற ஒரே மகள். "பிள்ளை வர்றப்ப வீடு பூட்டியிருக்கு. பக்கத்து வீட்டுப் படியில உக்காந்திருக்கா. ஒரே ஷிப்டுன்னா நான் இருப்பேன்ல."

ஆஸ்பத்திரி ரோடு ஊருக்கு வெளியே குடியிருக்கிறாள். நடுவில் கிடைக்கும் இடைவெளியில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது என்பதால் பூங்கா மரத்தடியில் படுத்துக்கிடப்பாள். இத்தனை வருஷமாக அவள் அங்கே ஆசைப்பட்டுப் படுக்கிறாள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

சாக்கடையில் இறங்கிச் சுத்தம் செய்யும் வாய்க்கால்காரர் சிரித்தார். "மத்தியான வெயில்ல அதுக்குள்ள ஒரு தடவை நின்னு பாரும்மா. அப்புறம் என்னைக் கேக்கவே மாட்டே."

ஆனால் அஞ்சு மணி என்றதும் எல்லோர் முகமும் சுருங்கியது. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. தெருவிளக்கு பாதி எரியாது. பெண்கள் தனியாக நடந்து வர வேண்டும். ஒரே ஷிப்டு வேண்டும், அஞ்சு மணி வேண்டாம். கேட்கக் கேட்க இதுதான் திரண்டு வந்தது.

ஒரு சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே புருஷனிடம் புலம்பினாள். "நான் ஒரு வார்த்தை கேட்டு வச்சேன், இப்ப அது என் தலையிலேயே விடிஞ்சிருக்கு. எல்லாரும் ஒரே ஷிப்டுதான் வேணும்ங்கறாங்க. போய் எதிராப் பேசவும் முடியாது."

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். "ஏன் எதிராப் பேசணும்?"

"உங்களை யாரு பாக்குறது?"

"என்கிட்ட கேட்டியா?"

"உங்களை என்ன கேக்குறது? உங்களுக்காகத்தானே நான்..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். தலைவர் சொன்ன அதே வார்த்தை. புருஷன் சிரித்த சிரிப்பில் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

"சொல்றேன், கோவிச்சுக்காதே. நீ குளிப்பாட்டுறது எனக்குப் பிடிக்கல. கருகின சட்டியைத் தேய்க்கிற மாதிரி தேய்க்கிறே. ஒரு ஸ்டூல் போட்டு, குழாயைக் கீழே இறக்கி வச்சுட்டா நானே குளிச்சுக்குவேன். ரெண்டு வருஷமாச் சொல்லணும்னு இருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னை வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருந்தது. அன்றைக்கு அவரோடு பேசாமல் படுத்துக்கொண்டாள். ஆனால் மறுவாரம் குடிநீர்ப் பிரிவிலிருந்து தெரிந்த ஃபிட்டரைக் கூட்டி வந்து குழாயை இறக்கி வைத்தாள். முதல் நாள் அவர் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தபோது வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அவர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார், கேட்கச் சகிக்காத குரலில்.

அடுத்த கூட்டத்துக்கு மாடியில் இடம் இல்லை. படிக்கட்டிலும் ஆட்கள். கேட்டுவிட்டுப் போனாளே, நாம் சொன்னது என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர்கள்தான் அத்தனை பேரும்.

அவள் எழுந்து, பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "ஒரே ஷிப்டு வேணாம்னுதான் நான் கேக்கப் போனேன். எனக்கு இப்பவும் அது சிரமம்தான். ஆனா முக்கால்வாசிப் பேர் வேணும்னு சொல்றாங்க. அஞ்சு மணி மட்டும் வேணாம், ஆறு மணி. இல்லேன்னா வர்றதுக்கு வண்டி குடுக்கட்டும். இதுதான் எல்லாரும் சொன்னது."

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் அஞ்சு மணிக்குச் சம்மதம் சொல்லிட்டேனே. இனிமே எந்த முகத்தோட அவர்கிட்டப் போறது?"

வாய்க்கால்காரர் படிக்கட்டிலிருந்து சொன்னார்: "உங்க முகத்தோட மட்டும் ஏன் போறீங்கண்ணே. எங்க முகத்துல ரெண்டைக் கூட்டிட்டுப் போங்க."

தலைவரும் சிரித்துவிட்டார். பேச்சுவார்த்தைக்கு அவரோடு கடைத்தெரு அக்காவும் வாய்க்கால்காரரும் போவது என்று முடிவாயிற்று.

அதிகாரியின் அறையில் மூவருக்கு இரண்டு நாற்காலிதான் இருந்தது. வாய்க்கால்காரர் நின்றுகொண்டார். தலைவர் வழக்கம்போல் தொடங்கி, நாலு வாக்கியம் தாண்டிய பிறகு நினைவு வந்தவராக நிறுத்தினார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

அவள் மோசமாகத்தான் பேசினாள். பஸ்ஸைச் சொன்னாள், விளக்கை மறந்தாள். நாயை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். வாய்க்கால்காரர் விட்டதைச் சொல்லிச் சேர்த்தார். கடைகள் திறக்குமுன் குப்பை எடுத்தாக வேண்டும், ஆறு மணி முடியவே முடியாது என்றார் அதிகாரி. இழுத்து இழுத்துக் கடைசியில் ஐந்தரைக்கு வந்தார். குப்பை வண்டி ஒன்றைக் கழுவி, தூரத்திலிருந்து வருகிறவர்களைக் காலையில் ஏற்றிவரச் சொல்வதாகவும் ஒப்புக்கொண்டார்.

"சரிதானே? முடிச்சிடலாமா?"

தலைவரின் வாய் திறந்தது. அவள் முந்திக்கொண்டாள். "கேட்டுட்டு வந்து சொல்றோம் சார்."

அதிகாரி பேனாவை மேஜையில் போட்டார். "இதுக்கும் கேக்கணுமா?" என்றார் தலைவரைப் பார்த்து.

"இப்பல்லாம் அப்படித்தான் சார்" என்றார் தலைவர். அலுப்பும் கொஞ்சம் பெருமையும் கலந்து அவர் அதைச் சொன்ன விதத்தை வாய்க்கால்காரர் அப்புறம் ரொம்ப நாள் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

முணுமுணுப்போடு எல்லோரும் ஐந்தரைக்கு ஒத்துக்கொண்டார்கள். கோர்ட்டு ரோடு மட்டும் கடைசிவரை எதிர்த்தாள், அப்புறமும் விடவில்லை. மழை நாளில் வண்டி தாமதமாகும்போதெல்லாம் கடைத்தெரு அக்காவைப் பார்த்து, "இதுக்குத்தான் ஊரெல்லாம் கேட்டியா?" என்பாள். ஒரே ஷிப்டில் அக்காவுக்கு மதியத்தில் வெறும் வயிறும் தலைவலியும் மிஞ்சின. வீட்டுக்காரர் ஒரு நாள் டீ போடப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். ஆனால் அவருக்கு டீ போடத் தெரிந்துவிட்டது.

அடுத்த தேர்தலில் அவளைச் செயலாளராக்கினார்கள். இரண்டு முறை தொடர்ந்து இருந்தாள். ஆஜர் கொட்டகையிலேயே வேலை முடியும் நேரத்தில் கூட்டம் வைத்தாள், யாரும் மாடி ஏற வேண்டியிருக்கவில்லை. பெண்களுக்கு உடை மாற்றும் அறை வந்தது அவள் காலத்தில்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் கேட்பது என்பதில் அவள் கொஞ்சம் அளவு தாண்டிவிட்டாள். அறைக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்கே இரண்டு கூட்டம் நடந்தது. "டீ குடிக்கக்கூட இந்த அக்கா கை தூக்கச் சொல்லும்" என்று சிரித்தார்கள். மூன்றாவது முறை பஸ் ஸ்டாண்டு எதிர்த்து நின்று ஜெயித்தாள்.

தோற்றது வலிக்கத்தான் செய்தது. தான் பேசப் பழக்கிய பெண்ணாயிற்றே என்று ஒரு நினைப்பு. அன்றைக்கு வீட்டில் சாப்பிடாமல் இருந்தாள்.

"அவ சரியாப் பண்ணுவாளா?" என்று கேட்டார் புருஷன்.

"பண்ணுவா. என்னைவிடச் சுருக்காப் பேசுவா."

"அப்ப சாப்பிடு."

மறுநாள் விடியும் முன்னே குப்பை வண்டி முக்குக்கு வந்து நின்றது. உள்ளே கோர்ட்டு ரோடு தன் தூக்குச்சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.

"நான் உனக்கு ஓட்டுப் போடல" என்றாள்.

"தெரியும்."

"நிறத்துக்கு ரெண்டு கூட்டம் வச்சா எப்படிப் போடுறது?" கையை நீட்டி அவளை உள்ளே இழுத்தாள். "ஏறு, ஏறு. இன்னிக்காவது நேரத்துக்கு வந்திருக்கு."