முதல் தடவை சொல்லும் வேண்டாம்

1. கேக் போன கதை

டென்மார்க்கில் நான் தாதியாக வேலை தொடங்கிய முதல் நாள், கூட வேலை செய்யும் ஒருத்திக்குப் பிறந்தநாள். கேக் தட்டு என் முன்னால் வந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வாய், பழக்கதோஷத்தில் "வேண்டாம், நன்றி" என்றது. எங்கள் ஊரில்போல இன்னொரு தரம் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். தட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டது. அன்று முழுவதும் பசி, அதைவிடக் கோபம். இந்த நாட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதுவும் ஒரு மரியாதை என்று விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது. இப்போது வேலைக்கு வரும் இளம் தாதிமாருக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னாளில் ஒரு நோயாளி விஷயத்தில் எனக்குக் கைகொடுத்தது அந்தக் கேக்தான்.

2. நோரிக்கோ அம்மா

ஹேர்னிங் நகர ஆஸ்பத்திரியில் எங்கள் சத்திரசிகிச்சை வார்டுக்கு நோரிக்கோ என்ற ஜப்பானிய அம்மா வந்தார். எழுபது தாண்டியவர். பக்கத்து ஊரான பிராண்டேயில் மகள் குடும்பத்தோடு இருக்கிறார். குடலில் ஒப்பரேஷன். அதற்குப் பிறகு எழும்பி நடக்க வேண்டும், நன்றாக இருமிச் சளியை வெளியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நியுமோனியாவில் கொண்டுபோய் விடும்.

அவரோ அசையாமல் படுத்திருந்தார். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் நோவு எவ்வளவு என்று கேட்டால், சிரித்துக்கொண்டு "இரண்டு" என்பார். நோவைக் குறைக்கும் மோர்பின் குளிசை வேண்டுமா என்றால் தலையைக் குனிந்து வேண்டாம் என்பார். டொக்டர் அந்த மருந்தை 'தேவைப்பட்டால்' என்றுதான் எழுதியிருந்தார்; நோயாளி ஓம் என்றால்தான் கொடுக்கலாம். ஆகவே எல்லோரும் மரியாதையாகக் கேட்டு, மரியாதையாகத் திரும்பிப் போனோம். காய்ச்சல் ஏறத் தொடங்கியது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

போர்வையைச் சரிசெய்தபோது அவருடைய கையைப் பார்த்தேன். கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளிறியிருந்தன. வாய் இரண்டு என்றது, கை எட்டு என்றது. போன கேக் ஞாபகத்துக்கு வந்தது.

தலைமைத் தாதி கீர்ஸ்டனிடம் போனேன். "அவவிட்டைத் திருப்பிக் கேக்கவேணும். வாய் வேண்டாமெண்டுது, கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்சிருக்கு. அந்த வேண்டாம் முடிவான வேண்டாம் மாதிரித் தெரியேல்லை."

"அவ சொல்லிட்டா. அது அவவின்ர உரிமை. வற்புறுத்தேலாது."

கீர்ஸ்டன் சொன்னதும் நியாயம். ஜப்பானியர் எல்லோரும் இப்படித்தான் என்று நானாகத் தீர்மானிப்பதும் பிழை. "அப்ப எப்பிடிக் கேட்டால் நல்லமெண்டு அவவிட்டையே கேப்பம்" என்றேன். கீர்ஸ்டன் கொஞ்சம் யோசித்துவிட்டு, தானே வீடியோவில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தார்.

நோரிக்கோ அம்மா மெல்லச் சொன்னார். "நீங்கள் எல்லாரும் ஓடித் திரியிறியள். என்ர நோவுக்காக உங்களை மறிக்க எனக்கு வெக்கமாயிருக்கு."

"நீங்கள் எழும்பி நடந்தால்தான் அம்மா எங்களுக்கு வேலை குறையும். நாங்களே நேரத்துக்கு மருந்தைக் கொண்டு வரட்டோ? வேண்டாமெண்டால் அப்பவும் சொல்லலாம்."

"உங்களுக்குக் கரைச்சல் இல்லையெண்டால்…" என்றார். அவர் கண் கலங்கியது. என் கண்ணும்தான்.

3. நடை

டொக்டர் 'தேவைப்பட்டால்' என்பதை வெட்டிவிட்டு நேரம் குறித்து எழுதினார். நோவு அடங்கியதும் அந்த அம்மா வேறு ஆளாகிவிட்டார். வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு வார்டு அதிர இருமினார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொரிடோர் முடிவு வரைக்கும் நடந்தார். போதும், கொஞ்சம் இருந்து ஆறுவோம் என்று கதிரையைக் காட்டினேன். அதைப் பார்க்காததுபோல் திரும்பி மறுபடி நடந்தார். காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்குப் போகும் நாளில் சக்கர நாற்காலியை மறுத்து, மகளின் கார் வரைக்கும் தன் காலிலேயே போனார். அந்த மறுப்பை மட்டும் நான் திருப்பிக் கேட்கவில்லை.

நான் படித்தது இவ்வளவுதான்: நோயாளியின் பதிலைக் கேளுங்கள், கையையும் பாருங்கள், இரண்டும் ஒத்துவராவிட்டால் இன்னொரு விதமாகக் கேளுங்கள்.

அன்று பின்னேரம் தேநீர் அறையில் யாரோ கொண்டுவந்த கேக் இருந்தது. கீர்ஸ்டன் தட்டை நீட்டினார். என் வாய் வழக்கம்போல "வேண்டாம், நன்றி" என்றது. தட்டு நகரத் தொடங்கியது. பிறகு நின்றது. கீர்ஸ்டன் குனிந்து, கரண்டியை விடாமல் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார்.

"உண்மையாவே வேண்டாமோ?"

"சின்னத் துண்டு ஒண்டு" என்றேன்.

அவர் பெரிய துண்டாகவே வெட்டினார்.