ஒரு பிளேட்டுக்கு என்ன விலை

அரசுப் பணியில் இருந்த காலத்தில் நான் தயாரித்த கட்டண அட்டவணைகள் பல. சந்தைக் கடைக்கு, குடிநீருக்கு, படகுத்துறைக்கு என்று எதையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் என் முதல் அட்டவணை மனித முகங்களுக்கானது. அதில்தான் அதிகமான ஓட்டைகள் இருந்தன.

படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு மனு கொடுத்துக் காத்திருந்த நாட்கள். எல்லைக் கிளர்ச்சியின் ஆண்டுகளும் அவைதான். எங்கள் பக்கத்து ஊர்கள் மதராஸோடு சேர வேண்டுமா, மலையாள ராஜ்யத்திலேயே இருக்க வேண்டுமா என்று வீட்டுக்கு வீடு கட்சி பிரிந்திருந்தது. நியமன உத்தரவில் எந்த சர்க்காரின் முத்திரை குத்துவது என்பது நிச்சயமாகாததால் உத்தரவே வரவில்லை என்று நான் நம்பினேன். நான் போதிய மதிப்பெண் எடுக்கவில்லை என்று அப்பா நம்பினார். எதுவானாலும், பழைய கேமரா ஒன்றை வாங்கி, பனச்சமூடு முக்கில் மாமாவின் துணிக்கடைக்கு மேலே இருந்த அறையில் ஸ்டுடியோ தொடங்கினேன். கூரையில் சில ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்ததுதான் மொத்த மின்சார ஏற்பாடு.

விலை வைக்கத் தெரியவில்லை. நெய்யாற்றின்கரையில் இருந்த ஒரு ஸ்டுடியோவுக்கு வாடிக்கையாளனைப்போல் போய், என்னையே ஒரு படம் எடுத்துக்கொண்டு, அங்குள்ள விலைகளைக் கேட்டு வந்தேன். அவர்கள் படம் பதியும் கண்ணாடி பிளேட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். எத்தனை பேர் நின்றாலும் ஒரே விலை. இது எனக்கு அறிவியலுக்கு விரோதமாகப் பட்டது. ஒவ்வொரு முகத்தையும் நெகட்டிவில் பென்சிலால் திருத்துகிறவன் நான். ஆகவே தலைக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதி, மனிதாபிமானமாக ஒரு விதிவிலக்கும் சேர்த்தேன்: மடியில் இருக்கும் குழந்தைக்குக் கட்டணம் இல்லை.

குழந்தை என்றால் எந்த வயதுவரை என்று நான் வரையறுக்கவில்லை. பிற்காலத்தில் இப்படி ஒரு விதியை எந்தக் குமாஸ்தா எழுதிக்கொண்டு வந்திருந்தாலும் அவன் கண்முன்னே கிழித்திருப்பேன். ஒரு மரச்சீனிக் கிழங்கு வியாபாரி, மீசை அரும்பிய மகனை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு முட்ட உட்கார்ந்திருந்தார்.

"இவன் குழந்தையா?" என்று கேட்டேன்.

"எனக்க குழந்தையாக்கும். பின்னே ஒனக்க குழந்தையா?"

அந்த மாதங்களில் நான் எடுத்த குடும்பப் படங்களைப் பார்க்கிறவர்கள், எங்கள் ஊரில் ஆண்கள் கல்யாணம்வரை மடியிலேயே வளர்ந்தார்கள் என்று நினைக்கக்கூடும். மடி கிடைக்காத தலைகளை வீட்டிலேயே விட்டுவந்தார்கள். பெரும்பாலும் மருமகள்களின் தலைகள். கடைசியில் பலகையை அழித்துவிட்டு நெய்யாற்றின்கரை முறைக்கே வந்தேன். பிளேட்டுக்கு இரண்டு ரூபாய், ஒரு பிரதி உட்பட.

மதராஸோடு சேரக் கேட்டு மறியலுக்குப் போகிறவர்கள் போலீஸ் பிடிப்பதற்குமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்ததும் அப்போதுதான். சலுகை கேட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்களும் கேட்டார்கள். இரு கட்சிக்கும் மறுத்தேன். அதை நடுநிலை என்று ஊர் எடுத்துக்கொண்டது.

அப்படியிருக்கையில் ஒரு காலை, சந்தையில் வாழைக்குலை விற்கும் அம்மா ஒருத்தி படியேறி வந்தாள்.

"மக்கா, மூத்தவன் நாளக் கழிச்சு மறியலுக்குப் போறான். போனா எப்ப விடுவானுவளோ. இளையவன் வக்கீல் ஆபீசுல எழுதுகான். அவன் மலையாளக் கட்சி. ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. எனக்கு ரெண்டு பேரும் ஒத்தப் படத்துல வேணும்."

"எத்தனை பேரானாலும் பிளேட்டுக்கு ரெண்டு ரூபாதான்."

"அடிச்சுக்கிட்டு நின்னாலுமா?"

"அசையாம அடிச்சுக்கிட்டா அதே விலைதான்."

இரண்டு மகன்களிடமும் அவள் தனித்தனியே, 'நீயும் நானும் மட்டும்' என்று சொல்லி வரவழைத்திருக்கிறாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. மூத்தவன் கழுத்தில் மாலையோடு வந்திருந்தான். பின்னாலேயே இளையவன் குடையோடு ஏறி வந்தான்.

"மாலை எதுக்கு? அண்ணன் ஜெயிலுக்குப் போறீரா, மறுபடியும் பெண்ணு கெட்டப் போறீரா?"

"எலே, நீ மொதல்ல கொடைய வெளிய வை. படத்தப் பாக்கவன் ஒன்ன வக்கீல்னு நெனச்சிரப்பிடாது."

இரண்டு பேரும் படியைப் பார்த்துத் திரும்பினார்கள். அம்மா நடுநாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தனித்தனியா எடுக்கணும்னா ரெண்டு பிளேட்டு. நாலு ரூவா. எனக்க கையில ரெண்டுதான் உண்டு. பாக்கிய எவன் தாறான்?"

மூத்தவனிடம் பணம் இல்லை. கட்சியில் இருந்தான். இளையவனிடம் இருந்தது. அவன் கை பைக்குப் போய், பாதியில் நின்றது.

"நான் சம்பளச் சக்கறம் குடுத்து எடுக்கணும், இவரு அம்மைக்க காசுல ஓசியா இரிக்கணும். அது நடக்காது."

"அப்போ நீயும் ஓசியா இரி," என்றாள் அம்மா.

உட்கார்ந்தான். அம்மாவின் வலப்பக்கம் மாலை, இடப்பக்கம் குடை. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் கண்ணாடியில் மூவரும் தலைகீழாகத் தெரிந்தார்கள். அப்படிப் பார்க்கும்போது ஒற்றுமையான குடும்பமாகத்தான் இருந்தது. அசையக்கூடாது என்றேன். கேமரா மூடியைத் திறந்து மூடும் நேரத்துக்கு எல்லைப் பிரச்சினை நின்றிருந்தது.

படம் தயாரானதும் அம்மா தன் பிரதியை வாங்கிப் போனாள். பிறகு இளையவன் வந்தான். அண்ணன் இல்லாமல் ஒரு பிரதி வேண்டும் என்றான். மறியலில் பிடிபட்டிருந்த மூத்தவனுக்காக ஒரு தோழர் வந்து, தம்பி இல்லாமல் ஒன்று கேட்டார். ஆளை நீக்குவதற்கு என் அட்டவணையில் விலை இல்லை. அன்றே சேர்த்தேன்: நீக்கப்படும் ஆள் ஒன்றுக்குப் புது பிளேட்டின் விலை. இளையவன் யோசித்துவிட்டு, பணம் எதுவும் கொடுக்காமல் போய்விட்டான். தோழர் முழுப் பிரதியையே வாங்கிக்கொண்டார்.

மூத்தவன் விடுதலையாகி, விளவங்கோடு பக்கத்தில் மனைவி வீட்டோடு தங்கினான். சில வாரங்கள் கழித்து என் படியேறி வந்தான். கையிலிருந்த படத்தில் அம்மாவின் தோளையொட்டி நெடுக ஒரு மடிப்பு. தம்பியைப் பின்னால் மடக்கிவிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறான். என் நீக்கல் கட்டணத்தைவிட அது மலிவு. அம்மா மகனைப் பார்க்கப் போனவள் சுவரில் அதைப் பார்த்துவிட்டாள்.

"அம்மைதான் சட்டத்தப் பிரிச்சு நிமுத்துனா. அம்மைக்க கையி முறிஞ்சமாதிரி கெடக்கு. மாத்தி வச்சாத்தான் ஒனக்க வீட்டுல வெள்ளம் குடிப்பேன்னு சொல்லிட்டுப் போயிட்டா."

"வேறு பிரதிக்கு எட்டணா."

"ஜெயிலுக்குப் போனவங்களுக்குக் கொறவு உண்டா?"

"இல்லை."

அவன் பேரம் பேசவில்லை. புதுப் பிரதியை வெளிச்சத்தில் பிடித்து, மூன்று முகமும் இருக்கிறதா என்று பார்த்தான்.

"இத மடங்காம கொண்டுபோக என்ன வழி?"

இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டலாம், அட்டைக்கு ஓரணா என்றேன். அதையும் கொடுத்தான். கட்டிய அட்டைகளை அக்குளில் இடுக்காமல், இரண்டு கையிலும் தட்டுப்போல ஏந்திக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.