துவக்கும் ஒரு வாளி மண்ணும்

எனக்கு வேட்டை ஆசை வந்தது ஐம்பதை நெருங்கும் வயதில். அதற்கு முன் நான் குறிபார்த்து அடித்த ஒரே உயிர் கடைக்குள் ஓடிய எலி. அதுவும் தப்பிவிட்டது. கல்முனைப் பஸாரில் புடவைக்கடை வைத்திருப்பவனுக்குத் துவக்கோடும் தோட்டாவோடும் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள்.

காரணம் வயல். வரிப்பத்தான்சேனைப் பக்கம் காட்டோரமாகக் கிடக்கும் அந்த வயல் என் மனைவிக்குச் சீதனமாக வந்தது. எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். ஆகவே நான் படுத்தெழும்பும் வீடு மனைவியுடையது. கிணறு அவளுடையது. முற்றத்து மாமரமும் அவளுடையது. மாங்காய் பறிப்பதென்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பறிப்பேன். கடை இருக்கும் கட்டடம் வாடகை. நான் போய் இறங்கினால் யாராவது என்னைப் 'போடியார்', வயலுக்குச் சொந்தக்காரர், என்று கூப்பிடும் ஒரே இடம் அந்த வயல்தான். அதுவும் அவளுடையது என்பது கூப்பிடுகிறவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் அந்தச் சொல் காதில் விழுந்தால் என் நெஞ்சு தானாக நிமிரும். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

முந்திய பெரும்போகத்தில், கதிர் முற்றுகிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் இறங்கிப் பாதி வயலைக் கிண்டிப் போட்டுவிட்டுப் போயின. பக்கத்து வயல் மனைவியின் தம்பியுடையது. அங்கே பெரிய சேதமில்லை. அந்தக் கிழமையே மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே என் முன்னால் தன் ராத்தாவிடம் சொன்னான்.

"ராத்தா, மச்சானுக்குப் புடவதான் சரி. வயல எனக்கிட்டத் தாங்க. நான் ரெண்டையும் சேத்துச் செய்யுறன்."

"வாற போகம் பாப்பம். அதையும் பண்டி திண்டா நீ செய்" என்றாள் மனைவி. என்னை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. அன்று இரவு சோறு எனக்கு இறங்கவில்லை. பன்றி தின்ற நெல்லை விட, தம்பி தின்னப்போகும் என் போடியார் பட்டம்தான் தொண்டையில் நின்றது.

வயலோடு சேர்ந்து வந்த இன்னொரு சொத்து மாமனாரின் துவக்கு. பயிர்க் காவலுக்கென்று உரிமம் எடுத்து வைத்திருந்தார். அவர் மௌத்தான பிறகு அந்த உரிமத்தை என் பேருக்கு மாற்றியிருந்தோம். பழைய சாரன் ஒன்றில் சுற்றி அலுமாரிக்கு மேலே கிடந்ததை இறக்கி, தூசி தட்டி, மடியில் வைத்துக்கொண்டு என் முதல் வேட்டைப் பருவத்தைத் திட்டமிடத் தொடங்கினேன்.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. தொலைபேசியில் வீடியோ பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் பனிக்குள் கூடாரம் அடித்து, மூன்று மாதத்துக்கு முன்பே காற்றையும் தடத்தையும் பார்த்து, மாடு அளவு மிருகங்களை விழுத்தினார்கள். பெரிய மிருகத்துக்கு மூக்குத்தான் கண் என்று ஒருவர் சொன்னார். அன்றோடு அத்தர் பூசுவதை விட்டேன். ஜும்ஆவுக்கு வாசனையில்லாமல் போய் நின்ற என்னைப் பக்கத்தில் நின்றவர் மேலும் கீழும் பார்த்து, கடை நொடித்துவிட்டதா என்று விசாரித்தார். காற்றுக்கு எதிர்ப்பக்கமாக மறைந்திருக்க வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். மாரியில் எங்களுக்கு வாடைக்காற்று கடல் பக்கமிருந்து காட்டை நோக்கி அடிக்கும். அவர் சொன்னபடி செய்தால் நான் போய்க் குந்த வேண்டிய இடம் காட்டோரம், சரியாக யானை வெளியே வருகிற வழி. அந்தப் பாடத்தை அத்தோடு விட்டுவிட்டேன்.

உண்மையில் எனக்கு முதலில் ஆசை வந்தது மான் மேல்தான். ஹலாலான இறைச்சி, அறுத்துப் பங்கு வைத்தால் ஊரே வாழ்த்தும். ஆனால் மானைத் தொட்டால் மறியல், கம்பி எண்ண வேண்டும். சுட்டால் கேள்வியில்லாத மிருகம் வயலை அழிக்கும் பன்றி மட்டும்தான். அதைத் தின்ன மார்க்கம் விடாது. சட்டம் விட்டதை மார்க்கம் விடவில்லை, மார்க்கம் விட்டதைச் சட்டம் விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் துவக்கோடு நின்றேன்.

பள்ளிவாசல் மௌலவியிடம் போனேன். பயிரைக் காக்கச் சுடலாம் என்றார். "ஆனா பட்டுட்டா ஏழு தரம் கழுவணும். ஒரு தரம் மண் கலந்த தண்ணியால" என்றும் நினைவுபடுத்தினார். அதைக் கேட்ட பிறகுதான் என் திட்டம் உண்மையான திட்டமாக வளர்ந்தது. விழுந்த பன்றியை யார் தூக்குவது? இரத்தம் என் சாரனில் தெறித்தால்? வயல் வழியாக இழுத்தால் வாய்க்கால் தண்ணீரில் படாதா? இத்தனைக்கும் விடை கண்டுபிடித்தேன். பெயின்ட் வாளி ஒன்றைக் கழுவி, வீட்டு முற்றத்தில் சுத்தமான மண் அள்ளி நிரப்பி, மூடி போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டினேன். வயலுக்கு மண் கொண்டு போகிற மனிதனை அந்த வழியில் இருந்த எல்லோரும் நின்று பார்த்தார்கள். வயல் மண்ணில் பன்றி நடந்திருக்கும், அது உதவாது என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

தூக்குவதற்கு ஆள் பிடிப்பது லேசாக இருந்தது. என் கடையில் துணி எடுக்கும் காரைதீவுத் தையல்காரர் ஒருவர் இருக்கிறார். தமிழ் ஆள், பன்றி தின்ன அவருக்குத் தடையில்லை. என்னை விட இளையவர் என்பதால் 'காக்கா', அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார். வாய் ஓயாதவர். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த துணியை மேசையில் போட்டார்.

"காக்கா, நீங்க சுடுங்க. மிச்சமெல்லாம் எங்கட வேல. நீங்க கிட்டவும் வர வேணாம்."

"போன்ல கோல் எடுத்தா வந்திருவீங்களா?"

"கோல் எடுத்து நாங்க வந்து சேர அது நாறிப்போகும். பின்னேரமே வந்து உங்களோட இரிக்கம்."

அப்படித்தான் கதிர் தலை சாய்ந்த நாட்களில் என் வேட்டைப் பருவம் ஆரம்பமானது. அஸர் தொழுதுவிட்டுக் கடையை மூடி நான் போய் வயலில் கட்டியிருந்த காவல் பரணில் ஏறுவேன். கொஞ்ச நேரத்தில் தையல்காரர் வருவார். முதல் நாள் தனியாக வந்தார். அடுத்த நாள் மைத்துனரோடு வந்தார். பிறகு கத்தி ஒருவர், சட்டி ஒருவர், கறித்தூள் ஒருவர் என்று ஒரு கூட்டமே வந்தது. இன்றைக்கு விழும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு ஒரு நாளும் குறையவில்லை. பரணுக்குக் கீழே நுளம்புக்கடிக்குப் புகை போட நெருப்பு மூட்டினார்கள். கடதாசிக் கட்டைக் கலைத்துச் சீட்டு விளையாடினார்கள். யார் கள்ளம் செய்தது என்று சத்தம் போட்டார்கள். ரேடியோவில் பாட்டுப் போட்டுக் கூடவே பாடினார்கள். சிலர் அங்கேயே பாய் விரித்துப் படுத்து விடிய விடியக் குறட்டை விட்டார்கள்.

நான் மேலே இருந்து "உஸ்" என்பேன். "மெதுவாக் கதைங்க, வேட்டை இது" என்பேன். ஒரு நிமிடம் அடங்குவார்கள். பிறகு யாராவது துரும்புச் சீட்டை இறக்க, திரும்பவும் சத்தம். என் திட்டத்தை நானே கூட்டிவந்த ஆட்கள் கெடுக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வரவேண்டாம் என்றும் சொல்ல முடியாது. பன்றி விழுந்தால் தூக்க யார் இருக்கிறார்கள்?

அவர்கள் விடாமல் வந்ததற்கு இன்னொரு காரணம் சாப்பாடு. மனைவி எனக்குக் கட்டித் தரும் பொதி நாளுக்கு நாள் பெருத்தது. ரொட்டியும் கோழிக்கறியும், இடியப்பமும் மீன் குழம்பும், பிளாஸ்க் நிறையத் தேநீர் என்று மோட்டார் சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "வேட்டைக்கு வாற ஆக்கள் பசியோட இரிக்கப்படா" என்றாள். எனக்குள்ள குறை ஒன்றுதான். அந்த நாட்களில் எங்கள் வீட்டுச் சட்டியில் மாட்டிறைச்சி ஏறவேயில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோழியும் இல்லை, மீனும் இல்லை, பருப்பும் கத்தரிக்காயும்தான். ஜும்ஆ நாளில் கத்தரிக்காய் தின்னும் முஸ்லிம் வீட்டை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? கேட்டேன்.

"டொக்டர் உங்களுக்கு இறைச்சியக் குறைக்கச் சொன்னார்தானே" என்றாள்.

சொன்னது உண்மை. ஆகவே கத்தரிக்காயைப் பிசைந்து தின்றேன்.

கதிர் பழுத்து அறுவடை நெருங்கிய ஒரு பின்னேரம், மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. தையல்காரர் கூட்டம் மழையில் எங்கேயோ ஒதுங்கிவிட்டது. பரணில் நான் மட்டும். தூரத்தில் மஃரிப் பாங்கு கேட்டது. அது முடிவதற்குள் காட்டோர வரம்பில் ஒரு கறுப்பு அசைந்தது. முன்னால் பெரியது ஒன்று, பின்னால் வரிசையாகக் குட்டிகள். பெரியது வரம்பில் ஏறி நின்று என் வயலைப் பார்த்தது, சாப்பாட்டுக் கடையில் நுழைகிறவன் மேசையைப் பார்ப்பது போல.

துவக்கைத் தூக்கினேன். வாய் தானாக 'பிஸ்மி' என்று தொடங்கியது. கடை திறந்தாலும் துணி கிழித்தாலும் மோட்டார் சைக்கிளை உதைத்தாலும் அதைச் சொல்லித்தானே பழக்கம். பாதியில் நிறுத்தினேன். பன்றியைச் சுடும்போது பிஸ்மில்லாச் சொல்லலாமா? மானென்றால் சொல்லத்தான் வேண்டும். இது பன்றி. சொன்னால் அவமரியாதையாகிவிடுமோ? சொல்லாமல் சுட்டு, குறி தவறி, அது என் மேல் பாய்ந்தால்? கழுவுவதற்கு மண் வரைக்கும் கேட்டு வைத்திருந்தேன், இதைக் கேட்கவில்லை. மௌலவிக்குக் கோல் எடுக்கலாமென்றால் அவர் இந்த நேரம் தொழுவித்துக்கொண்டிருப்பார். விரல் விசையில் இருந்தது. வாய் திறந்தபடி இருந்தது. பன்றி என்னை நிமிர்ந்து பார்த்தது. அதற்கு அவசரமேயில்லை.

அந்த நேரம் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் திரும்பின. வெளிச்சம், ஹோர்ன், சட்டி கிலுங்கும் சத்தம், நனைந்த குரலில் ஒரு பாட்டு. பெரியது திரும்பியது. குட்டிகளும் திரும்பின. வரம்போடு ஓடி, பக்கத்தில் அமைதியாக இருண்டு கிடந்த மச்சானின் வயலுக்குள் இறங்கின.

"என்ன காக்கா, இண்டைக்கும் ஒண்டும் வரயில்லையா?" என்று தையல்காரர் கீழே இருந்து கேட்டார்.

"இல்ல" என்றேன்.

இரண்டு நாள் கழித்து மச்சான் கடைக்கு வந்தான். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. ஒரு சேட்டுத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "மச்சான், உங்கட வேட்டைக்காரங்கள் எங்கட பக்கமும் கொஞ்சம் வந்து இரிக்க ஏலாதா?" என்று கேட்டான். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அன்று பகல் சோறு நன்றாக இறங்கியது.

என் வயல் சேதமில்லாமல் அறுவடையானது. மனைவி சாப்பாடு சமைத்துக்கொண்டு வந்து, தையல்காரர் கூட்டத்தையும் வரம்பில் இருத்திப் பரிமாறினாள். பன்றி கிடைக்காத கவலை அவர்களுக்கு அவள் கோழிக்கறியோடு போய்விட்டது. நான் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, என் வாடை வராமல் நான் பார்த்துக்கொண்ட விதத்தையும், துவக்குக்கு மிருகங்கள் பயப்படும் விதத்தையும் எல்லோருக்கும் விளக்கினேன். அவள் அகப்பையால் கறி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "எத்தின வெடி வெச்சீங்க?"

"வெக்கயில்ல. பயத்திலயே போயிட்டு."

"உங்களப் பாத்தா பயந்திச்சி? அந்தச் சத்தத்துக்கும் நெருப்புக்கும் யானையே வராது. பண்டி வருமா?"

அப்போதுதான் எனக்கு வெளிச்சமானது. கோழிக்கறி. சட்டியில் ஏறாத மாட்டிறைச்சி. வெள்ளிக்கிழமைக் கத்தரிக்காய். எல்லாம் மாடு தின்னாத, வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் தின்னும் காரைதீவுக்காரர்களின் வாய்க்காகச் சமைத்தது. விருந்து கட்டி அனுப்பி அந்தக் கூட்டத்தை என் வயலில் கட்டி வைத்திருந்தவள் இவள்.

"ஏன் புள்ள எனக்கிட்டச் சொல்லயில்ல?"

"சொன்னா நீங்க வேட்டைய உட்டுட்டுக் கடையிலயே இருந்திரிப்பீங்க. நீங்க இல்லாட்டி அவங்க ஏன் வாறாங்க?"

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. "வயலத் தம்பிக்கிட்டக் குடுத்திருந்தா உங்களுக்கு இந்தக் கரச்சல் இல்லையே" என்று மட்டும் கேட்டேன். அவள் சட்டிகளை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"தம்பி ஒரு வயலோடயே போடியார்தானே. கடையில இருந்து வரக்குள்ள நீங்க ஒரு ஆள், வயலுக்க இருந்து வரக்குள்ள வேற ஆள். எனக்கு ரெண்டாவது ஆளத்தான் விருப்பம்."

இத்தனை வருடமாக என் நெஞ்சு நிமிர்வதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். துவக்கைச் சாரனில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைக்கப் போனேன். பின்னால் குரல் கேட்டது.

"அடுத்த போகமும் வேட்டைக்குப் போங்க. ஆனா ஒண்டையும் சுட்டுராதீங்க. இறைச்சி கிடைச்சா அவங்க பொறகு வரமாட்டாங்க."

வாளி மண்ணில் இப்போது கொச்சி மிளகாய்க் கன்று வைத்திருக்கிறாள். மௌலவியைத் தினமும் பள்ளியில் காண்கிறேன். பிஸ்மில்லா விஷயத்தை நான் அவரிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்கப்போவதுமில்லை.