ஜோஷ்வா அண்ணன் வாங்கிய பந்து

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு ரிசார்ட்டின் பௌலிங் கூடத்தில் நான் எட்டு வருஷம் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களுக்கு அளவு பார்த்து ஷூ கொடுக்க வேண்டும், பேரைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மொத்தம் ஆறு லேன், பந்து உருளுகிற நீளமான மரப் பாதைகள். ஒவ்வொன்றின் கோடியிலும் பத்து கட்டைகள் நிற்கும், பின் என்போம். பந்தை உருட்டி அவற்றைச் சாய்ப்பதுதான் ஆட்டம். சாய்ந்ததைத் திரும்பத் தூக்கி நிறுத்துகிற மெஷின்களுக்குப் பின்னால், காதை அடைக்கிற சத்தத்தில் நாள் பூரா நின்றவர் ஜோஷ்வா அண்ணன்.

மதுராந்தகத்துக்காரர். அவர் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர், இவர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தார். 2001இல் சேர்ந்தபோது முப்பத்து நாலு வயது. காலையில் ஐந்தரை பஸ், செங்கல்பட்டில் இறங்கி இன்னொரு பஸ். எட்டு மணிக்கு, பந்து வழுக்கிப் போக லேனுக்கு எண்ணெய் பூச ஆரம்பித்துவிடுவார். ஐந்துக்கு ஷிப்ட் முடியும், ஊர் திரும்ப பஸ் ஆறரைக்கு. நடுவில் ஆறாவது லேன் காலியாக இருந்தால் ஆடிக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அப்படித்தான் பழக்கம் தொற்றியது.

ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் முந்நூறு எடுக்கலாம். வருகிறவர்கள் எண்பது, தொண்ணூறு எடுத்துவிட்டு ஐஸ்க்ரீம் சாப்பிடப் போய்விடுவார்கள். அண்ணன் இரண்டு வருஷத்தில் நூற்றைம்பதுக்கு வந்தார். அதற்கு மேல் ஏறவில்லை. ஒவ்வொரு ஆட்டத்தையும் தேதி போட்டு ஒரு பழைய டைரியில் எழுதுவார்.

வெள்ளிக்கிழமைகளில் சென்னையிலிருந்து பத்ரி என்று ஒருவர் வருவார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சொந்தப் பந்தைப் பையில் போட்டுக் கொண்டுவருவார். அவர்தான் சொன்னார்: "பொதுப் பந்தை வெச்சுக்கிட்டே நூத்தம்பது அடிக்கிறீங்க ஜோஷ்வா. உங்க விரலுக்கு அளவெடுத்துத் துளை போட்ட பந்து மட்டும் இருந்தா நூத்தியெண்பது நிச்சயம்."

அந்த நூற்றியெண்பது அண்ணன் மனசில் உட்கார்ந்துவிட்டது. 2005 தீபாவளி போனஸோடு சீட்டுப் பணத்தையும் சேர்த்து, பத்ரி மூலமாகவே பந்தை வரவழைத்தார். கருநீலம். பதினைந்து பவுண்டு, ஏழு கிலோ இருக்கும். முதல் வாரமே இருநூற்று நான்கு! டைரியை எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு ஓடி வந்தார். "பாத்தியாம்மா? இத்தினி நாளும் அந்தப் பொதுப் பந்துதான் என்னைப் புடிச்சு வெச்சிகினு இருந்துக்குது."

அடுத்த வாரம் நூற்று அறுபத்தொன்று. அப்புறம் நூற்று முப்பத்தொன்பது. நூற்று இருபத்தெட்டு. அந்தப் பந்து பாதி தூரம் நேராகப் போய், கடைசியில் சடக்கென்று திரும்பும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் அளவுக்கு மீறித் திரும்பிவிடும்.

"பந்து நல்லாத்தான் கீது. எனக்குத்தான் கை வரல" என்பார்.

பிறகு ஷூ வாங்கினார். அதுவரை மெஷின் வேலைக்குப் போடும் பூட்ஸோடுதான் ஆடினார். ரப்பர் அடி தரையைக் கவ்விக்கொள்ளும். புது ஷூ வழுக்கிக்கொண்டு போனது. பத்துப் புள்ளி ஏறியது, அது நிஜம். அந்தச் சந்தோஷத்தில் மணிக்கட்டுக்கு ஒரு பட்டையும் வாங்கினார். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

ஊழியர் குடும்ப விழாவுக்கு அவர் மனைவி மேரி அக்கா வந்திருந்தார். ஒரு கிளினிக்கில் ஆயா வேலை பார்ப்பவர். என் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் ஆடிய மூன்று ஆட்டத்தையும் பார்த்தார்.

"ஏம்மா சியாமளா, இவுரு மூணாவது ஆட்டத்துல கையத் தொங்கவுட்டுகினு போடறாரே, பாத்தியா? வூட்டுக்கு வந்தா சோத்துத் தட்டு முன்னாடியே கண்ணு சொருவுது. இவுருக்கு இத்தினி கனமான பந்து இன்னாத்துக்கு?"

அண்ணன் காதில் விழுந்தது. பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

2006இல் ஊரெல்லாம் சிக்குன்குனியா. அண்ணனையும் பிடித்தது. நாங்கள் மூன்று பேர் மதுராந்தகம் போய்ப் பார்த்தோம். டம்ளரைத் தூக்க முடியவில்லை. மேரி அக்காதான் வாயருகே பிடித்தார். "வலி கெடக்கட்டும், தூங்கிகினே கீறேம்மா" என்றார் அண்ணன். "கல்யாணத்துக்கு அப்புறம் இப்டித் தூங்கனதே இல்ல."

இரண்டு மாசம் கழித்து வந்தவருக்கு மூன்று மாசம் லேசான வேலை கொடுத்தார்கள். பதினோரு மணிக்கு வந்தால் போதும். கருநீலப் பந்தை மணிக்கட்டு தாங்கவில்லை. பதினோரு பவுண்டு பொதுப் பந்து ஒன்றை எடுத்து நேராக உருட்டினார். ஒரு முறைக்கு இரண்டு தடவை உருட்டலாம், முதலில் விட்டுப்போன கட்டைகளை இரண்டாவது தடவையில் பொறுமையாக எடுத்தார். நூற்று ஐம்பத்தெட்டு. நூற்று அறுபத்திரண்டு. பழைய ஷிப்ட் திரும்பி வந்ததும் அதே பந்தில் நூற்று நாற்பது.

ஒரு மழை நாளில் கூடத்தில் ஆளே இல்லை. டைரியை வைத்துக்கொண்டு இருவரும் கணக்குப் போட்டோம். திங்கள் அவருக்கு வார விடுமுறை. செவ்வாய்க்கிழமை ஆட்டங்களைத் தனியாகக் கூட்டினேன், வெள்ளிக்கிழமை ஆட்டங்களைத் தனியாக. எந்தப் பந்தானாலும் செவ்வாய்க்கிழமை சராசரி பதினேழு புள்ளி கூடுதல்.

அண்ணன் அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப பந்து இல்ல" என்றார். பிறகு சிரித்தார், சிரிப்பில் உயிர் இல்லை. "தூக்கத்த எந்தக் கடையிலம்மா விக்கறான்?"

ஷிப்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். பார்க்கலாம் என்றார் மேனேஜர். யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் சென்னையில் ஒரு போட்டி. மேரி அக்கா பிடிவாதமாக இரண்டு நாள் முன்னாலேயே லீவு போட வைத்தார். மணிக்கட்டு தேறியிருந்தது, அண்ணன் கருநீலப் பந்தையே எடுத்துப் போனார். ஆறு ஆட்டம், சராசரி நூற்று எழுபத்தொன்று. அந்தப் பந்து அவர் சொன்னபடி திரும்பியது அன்றைக்குத்தான் என்று பத்ரி எனக்கு போனில் சொன்னார். பதினோராவது இடம். பரிசு எட்டுப் பேருக்கு. மறுநாள் காலை எட்டு மணிக்கு அண்ணன் லேனில் குனிந்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை நூற்று முப்பத்தெட்டு.

"ஆடணுமா அண்ணே?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு ஆறரைக்குத்தானே, அதுவரைக்கும் இன்னா பண்றது?" என்றார்.

2009இல் கூடத்தை மூடி, கல்யாண மண்டபமாக மாற்றினார்கள். கருநீலப் பந்தை பத்ரியின் நண்பர் யாரோ வாங்கிக்கொண்டார். அண்ணனுக்கு மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஒரு வருஷம் கழித்து செங்கல்பட்டில் ரயில் ஏறியபோது அவரைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. "ஊர்லருந்து ஒரே ரயிலும்மா, மாறத் தேவையில்ல" என்று இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். பௌலிங்கைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மேரி அக்காவின் முழங்கால் வலிக்கு எந்த டாக்டரிடம் போகலாம் என்று பேசிக்கொண்டே வந்தோம். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியது, அடுத்தது மறைமலைநகர்; சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, "வரேம்மா" என்று வாசல் பக்கம் போனார்.