இன்னொரு எஸ். திவ்யா

இரண்டாயிரத்து நான்காம் வருடம், புரட்டாசி மாதம். அரியலூர் அப்போது பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. நான் அங்கே ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். என் மகள் டவுனில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அன்று நடந்ததை இதுவரை என் கணவரிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் ஆறு செல்விகள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதனால் மகள் பிறந்தபோது, யாரும் வைக்காத பெயராக வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். 'திவ்யா' என்று தேர்ந்தெடுத்தோம். எங்கள் தெருவில் அப்போது வேறு திவ்யா கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்று அந்தக் கர்வம் போனது. பிள்ளைகளையும் எங்களையும் மரத்தடியில் உட்கார வைத்து வகுப்பு டீச்சர் பெயர் வாசித்தார். "திவ்யா" என்றதும் நான்கு பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். நான்கு அம்மாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், ஒரே மாதிரி சேலை கட்டிக்கொண்டு ஒரே கல்யாணத்துக்கு வந்துவிட்டவர்களைப் போல. அதற்குப் பிறகு மூன்று பிரியா, இரண்டு ரம்யா.

"ஏம்மா, ஒங்களுக்கெல்லாம் வேற பேரே கெடைக்கலியா? சொல்லி வச்ச மாதிரி வச்சிருக்கீங்களே!" என்று டீச்சர் சிரித்தார்.

பிள்ளைகள் ஒரே வாரத்தில் அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். கண்ணாடி போட்டவள் கண்ணாடி திவ்யா. நீள முடி இருந்தவள் சடை திவ்யா. நான் ஆபீஸில் வேலை பார்த்ததால் என் மகள் ஆபீஸ் திவ்யா. நான்காவது பெண் தினமும் திருமானூரிலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். அவள் திருமானூர் திவ்யா. போகப் போக திவ்யாவும் உதிர்ந்துவிட்டது. மகளைக் கூப்பிட நான் பள்ளி வாசலில் நின்றால், "ஏய் ஆபீஸ், ஒங்கம்மா வந்துருக்காங்கடி!" என்று குரல் வரும். "திருமானூரு, ஓடுடி, பஸ்ஸு போயிடப் போவுது!" என்று இன்னொரு குரல் வரும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். என் மகளுக்கும் திருமானூர் பெண்ணுக்கும் இனிஷியலும் ஒன்று, எஸ். பதிவேட்டில் இருவரும் எஸ். திவ்யாதான். ஒருமுறை ரேங்க் கார்டு மாறிவிட்டது. கணக்கில் முப்பத்தொன்று என்று பார்த்ததும் நான் மகளை ஒரு அடி வைத்துவிட்டேன். "அது என் கார்டே இல்லம்மா" என்று அவள் அழுததைக் காதில் வாங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் திருமானூர் திவ்யா எங்கள் கார்டோடு வீட்டுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, எங்கம்மா இதுல கையெழுத்து போட்டுட்டாங்க. எண்பத்தேழுன்னு பாத்ததும் கோழி வேற அடிச்சிட்டாங்க."

"அப்புறம் உண்மையச் சொன்னியா?"

"கொழம்ப சாப்ட்டு முடிச்சிட்டுதான் சொன்னேன்."

நான் சிரித்துவிட்டேன். அதன் பிறகு பஸ் தாமதமாகும் நாட்களில் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். இரண்டு எஸ். திவ்யாக்களும் ஒரே தட்டில் பொரி தின்றபடி வீட்டுப்பாடம் எழுதுவார்கள். நல்ல பெண். இருந்தாலும் எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. இந்த ஒரே பெயரால் என் மகளுக்கு ஏதாவது வந்து சேரும் என்று நினைப்பேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம் எனக்கு.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. மதியம் ஒன்றேகால் மணி இருக்கும். ஆபீஸ் போன் அடித்தது. எடுத்த ஹெட் கிளார்க் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏழாவது பி, எஸ். திவ்யாவாம்மா. பாம்பு கடிச்சிடுச்சாம். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்களாம்" என்றார்.

அடுத்த சீட்டுக்காரர் தன் மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அவர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றும் காதில் ஏறவில்லை. தெரிந்த தெய்வங்களுக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டில். பச்சைப் பாவாடை. முழங்காலுக்குக் கீழே வீங்கிய கால். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பி.டி. மிஸ் நின்றிருந்தார். அந்த வருடம்தான் பள்ளிக்குப் புதிதாக வந்தவர். நான் ஓடிப்போய் முகத்தைப் பார்த்தேன். திருமானூர் திவ்யா.

அந்த நொடியில் என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன். "ஐயோ, நல்லவேள! இது எம் பொண்ணு இல்ல மிஸ்! எம் பொண்ணு இல்ல!" சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். கட்டிலில் கிடந்தவள் கண் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக் கழிவறைக்குப் பின்னால், விடுமுறையில் வளர்ந்துவிட்ட புல்லில் கடித்திருக்கிறது. பள்ளி ஆபீஸில் பதிவேட்டைப் புரட்டியவர், போன் நம்பர் இருந்த எஸ். திவ்யாவின் அம்மாவுக்குச் சொல்லிவிட்டார். திருமானூர் திவ்யா வீட்டில் போன் கிடையாது. அவள் பெயருக்கு நேரே அந்தக் கட்டம் காலி.

"அப்ப இந்தப் பொண்ணு வீட்டுக்கு யாருங்க சொல்றது?" என்று பி.டி. மிஸ் கேட்டார்.

"நான் ஸ்கூலுக்குத்தான் போறேன். ஆபீஸ்ல சொல்லி ஆள் அனுப்பச் சொல்றேன்."

"ஆன்ட்டி, எங்கம்மாவுக்குச் சொல்லிடுவீங்களா?" என்று அவள் கேட்டாள். நாக்கு லேசாகக் குழறியது.

"இதோ, இப்பவே சொல்லிடறேன்டா."

அவள் தலையைக்கூடத் தொடாமல் கிளம்பினேன். என் மகளைக் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும் போலிருந்தது. பள்ளி ஆபீஸ் அறையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். கதவு திறந்துதான் இருந்தது. நான் தாண்டிப் போனேன். மகளை வகுப்பு வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதேன். வகுப்பு டீச்சர் விசாரித்தபோது, "பி.டி. மிஸ் இருக்காங்க, பாத்துக்குறாங்க" என்றேன். அரை நாள் லீவு கேட்டு மகளை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வரும்போதும் அதே கதவு. அப்போதும் எனக்கு நினைவு வரவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். மகளுக்குக் கேக், எனக்கு டீ. அவள் கேக்கைத் தொடவில்லை.

"அம்மா, திருமானூரோட அம்மா வந்துட்டாங்களா?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால். நான் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் வந்துபோனதால், தகவல் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியிலும் நினைத்துவிட்டார்கள், பள்ளியிலும் நினைத்துவிட்டார்கள்.

இருவரும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். திருமானூர் திவ்யாவின் கண் இமைகள் பாதி இறங்கிவிட்டிருந்தன. திறக்க முயன்றாள், முடியவில்லை. டாக்டர் பி.டி. மிஸ்ஸிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "பொண்ணோட அம்மா எங்கம்மா? எத்தன தடவ கேக்குறது? மூச்சு விடறது கஷ்டமாயிட்டிருக்கு. தஞ்சாவூர் அனுப்பணும், கூட வீட்டாள் வேணும்."

பி.டி. மிஸ் என்னைப் பார்த்ததும், "சொல்லிட்டீங்கல்ல? வந்துட்டிருக்காங்கல்ல?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகத்தை அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

தஞ்சாவூர் சாலை திருமானூர் வழியாகத்தான் போகிறது. போகிற வழியில் அம்மாவை ஏற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆஸ்பத்திரி வேனில் ஒரு நர்ஸும், நானும், கூட வருவேன் என்று பிடிவாதம் பிடித்த என் மகளும் ஏறினோம். மகள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "ஏய் திருமானூரு, தூங்காதடி, ஒங்க ஊரு வரப்போவுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

திருமானூர் கடைத்தெருவில் வேன் நின்றது. "அஞ்சு நிமிஷந்தாங்க. அதுக்கு மேல நிக்க மாட்டேன்" என்றார் டிரைவர். நான் இறங்கி ஒரு டீக்கடைக்கு ஓடினேன்.

"ஏழாவது படிக்கிற திவ்யா வீடு எங்கங்க?"

"எந்த திவ்யாம்மா? இங்கயே நாலஞ்சு இருக்கே" என்றார் கடைக்காரர்.

"அரியலூர்ல படிக்குதே. எஸ். திவ்யா."

"எஸ்ஸுன்னா? செல்வமா, சேகரா, சின்னதம்பியா? அவங்கப்பன் பேரச் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருடமாக அந்த இனிஷியலைத் திட்டியிருக்கிறேன். அந்தப் பெண் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அந்த எஸ் யாருடைய பெயர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

அப்போது வேன் ஜன்னலிலிருந்து என் மகள் கத்தினாள். "அவங்கப்பா கரும்பு லாரி ஓட்டுறாருண்ணே! வூட்டு வாசல்ல ரெண்டு முருங்க மரம் இருக்கும்! அவங்கம்மா வாய்க்கா பக்கம் நடவுக்குப் போயிருக்காங்க, காலையில சொன்னா!"

"அடடா, அந்தப் புள்ளையா!" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். வண்டியை உதைத்தார், பறந்தார். டிரைவர் ஐந்து நிமிடம் கழித்தும் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். திவ்யாவின் மூச்சுச் சத்தம் வேன் முழுக்கக் கேட்டது.

அந்த அம்மா முழங்கால் வரை சேற்றோடு வந்தார். வேனில் ஏறி மகளைப் பார்த்தார். கத்தவில்லை. மகளின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் அழுதுகொண்டிருந்த என் மகளைப் பார்த்து, "ஒனக்கு ஒண்ணுமில்லியே கண்ணு?" என்றார்.

ஆற்றுப் பாலம் தாண்டும்போது என்னிடம் கேட்டார். "எப்பக்கா கடிச்சிச்சு?"

"சாப்பாட்டு வேளையில" என்றேன். எத்தனை மணிக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

தஞ்சாவூரில் நான்கு நாள் மிஷின் வைத்து மூச்சு கொடுத்தார்கள். அந்த நான்கு நாளும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் அவள் தானாக மூச்சு விட்டாள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாக அந்த அம்மா சொன்னார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பொங்கல் கழிந்து தாயும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு கட்டுக் கரும்பு, ஒரு பெரிய பரங்கிக்காய். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

"ஸ்கூல்ல ஒருத்தரும் வந்து சொல்லலைங்க. இந்த அக்காதான் எம் புள்ளைய வண்டில போட்டு, என்னையும் தேடிப் புடிச்சு ஏத்திட்டுப் போனாங்க. இவங்க இல்லன்னா..." என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எல்லோரும் என்னைப் பாராட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

காபி போட அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே திருமானூர் திவ்யா வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தாள். பிறகு, கூடத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்.

"ஆன்ட்டி, நான் அம்மாகிட்ட சொல்லல."

எதை என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. நான் அழ ஆரம்பித்ததும் அவள் பயந்துபோய், "பரவால்ல ஆன்ட்டி, பரவால்ல" என்றாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தட்டை அவளே எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

இரண்டு திவ்யாக்களுக்கும் கல்யாணமாகிவிட்டது. அவளுடைய அம்மா இன்றும் வீட்டு விசேஷங்களுக்கு முதல் பத்திரிகையை எனக்குத்தான் வைக்கிறார். நான் போய் முன்வரிசையில் உட்காருகிறேன். அந்தத் தாயிடம் இன்னும் சொல்லவில்லை. யாரோ ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டால், நம் பிள்ளை இல்லையே என்றுதான் இப்போதும் என் மனசு முதலில் நினைக்கிறது. அந்த நினைப்பை என்னால் மாற்ற முடியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குச் சொல்லிவிட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், அந்த இடத்தைவிட்டு ஓர் அடிகூட என்னால் நகர முடிவதில்லை.