பதினாறு வீட்டுக்கும் ஒரே கையெழுத்து

மூன்று வருடங்களுக்கு முன், கூடுவாஞ்சேரியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான் செயலாளராக இருந்தபோது நடந்தது இது. மொத்தமே பதினாறு வீடுகள்தான். ஆனால் எனக்கிருந்த மிதப்பு கலெக்டருக்குக்கூட இருந்திருக்காது.

ஒரு நாள் காலை சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் நோட்டும் சளி மாதிரி எடுக்கும் டப்பாக்களுமாக வந்தார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல் யாருக்காவது உண்டா என்று வீடு வீடாகக் கேட்க வேண்டுமாம். அப்போது மாடியில் இரண்டு வீடுகள் விற்பனைக்கு இருந்தன. டிபி என்று பேர் அடிபட்டால் யார் வாங்குவார்கள்? அவரை கேட்டிலேயே நிறுத்தினேன்.

"எல்லாரும் படிச்சவங்கம்மா. இங்க யாருக்கும் அதெல்லாம் கிடையாது."

"வாட்ச்மேன் குடும்பம், சார்?"

அவர் கேட்டு முடிப்பதற்குள், மோட்டார் ரூமை ஒட்டிய அறையில் வாட்ச்மேனின் மனைவி இருமினார். நாங்கள் எல்லோரும் மாதக்கணக்காகக் கேட்டுப் பழகிய இருமல்தான்.

"படிக்கட்டு பெருக்குறாங்கல்ல, தூசி" என்றேன், கூசாமல்.

யாருக்கும் இருமல் இல்லை என்று, பதினாறு வீட்டுக்கும் சேர்த்து நோட்டில் நானே கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் ஒரு டப்பாவை என்னிடம் கொடுத்து, வாட்ச்மேனின் மனைவியை உடனே பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். அவர் தெருமுனை திரும்பியதும் அதைக் குப்பையில் போட்டேன்.

நான்கு மாதம் கழித்து, படிக்கட்டு பெருக்கும்போதே அந்த அம்மாள் ரத்த வாந்தி எடுத்தார். என் காரில்தான் தாம்பரம் டிபி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஏறக்குறைய நூறு வருடப் பழைய வார்டு, உயரமான கூரை, வரிசையாகப் பெரிய ஜன்னல்கள். மருந்தே இல்லாத காலத்தில், காற்றாவது கிடைக்கட்டும் என்று கட்டியிருக்கிறார்கள். நாங்கள் அவருக்குக் கொடுத்திருந்த அறையில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலயே சரியாகியிருக்கும்" என்றார் டாக்டர். ஒன்பதாம் நாள் அந்த அம்மாள் இறந்துபோனார்.

பிணவறை வாசலில் வாட்ச்மேன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இருமிகினே இருந்தா சார், நான்தான் கண்டுக்காம வுட்டுட்டேன். எல்லாம் என் தப்பு. நீங்களாவது இட்டுகினு வந்தீங்களே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அழாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அடுத்த மாதமே பதவியை விட்டேன், அதனால் யாருக்கு என்ன லாபம்? அவர் இன்னும் எங்கள் கேட்டில்தான் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் நன்றியோடு எழுந்து நிற்கிறார். அன்று செய்தது ஒரு நிமிடப் புத்தித் தடுமாற்றம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பழியை அவர் சுமக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பதை நான் ஒவ்வொரு நாளும் தெரிந்தேதான் செய்கிறேன்.