ஏசி திருகுக்குப் பக்கத்து மைக்

சவுதியின் ஜுபைலில் எங்கள் கேம்ப் அறையில் பாட்டுப் பதிவு செய்ய வேண்டுமென்றால் முதலில் ஏசியை அணைக்க வேண்டும். பழைய ஜன்னல் ஏசி. அதன் இரைச்சல் எல்லா மைக்கிலும் விழும். ஆறு மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி, கதவிடுக்கில் போர்வையைச் சொருகிவிட்டு, பதினொரு பேர் கைலியோடு உட்காருவோம். வெளியே ஜூலை வெயில். ஏசி இல்லாமல் பத்து நிமிடத்துக்குமேல் தாங்காது. அதனால் ஏசியைப் போட்டணைக்கும் திருகுக்குப் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து நேரம் பார்க்கச் சொல்வார்கள். அந்த ஒருவர் நான்.

எனக்கு அறுபத்துமூன்று வயது. பி.காம். படித்துவிட்டு, கம்பெனி ஸ்டோரில் இருபத்தாறு வருடங்களாக போல்ட்டும் நட்டும் கையுறையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. பஸ்ஸில் ஏறுகிறவர்களைக்கூட எண்ணி நோட்டில் குறித்துக்கொள்வேன்.

பாடியவர் ராமநாதபுரத்துக்காரர், சாரம் கட்டுகிறவர். அவரே கட்டிய ஏழு பாட்டுகள். பதிவு செய்தவர் கும்பகோணத்து ஏசி மெக்கானிக். அவரிடம் ஒரு லேப்டாப், நான்கு மைக், சுவர் பிளக்கில் கரண்ட் வாங்கி ஓடும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று. ஆறு வெள்ளிக்கிழமைகளில் ஆறு பாட்டு முடிந்தது. ஏழாவது வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு பாடகருக்கு ஃபைனல் எக்ஸிட். அதற்குப் பிறகு அவர் திரும்பி வரப்போவதில்லை.

மெக்கானிக் ஒவ்வொரு வாரமும் என்னிடம் ஒன்றைச் சொல்வார். "அண்ணே, நா கைய தூக்குற வரைக்கும் திருகத் தொடாதீங்க. ஏசியும் டிஸ்க்கும் ஒரே லைன்ல இருக்கு. கம்ப்ரசர் எழுந்துச்சுன்னா பிரேக்கர் விழுந்துரும்."

ஏழாவது பாட்டு நீளமானது. கடைசிப் பல்லவியில் எல்லோரும் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் இருட்டியது, முதுகில் வியர்வை ஓடியது. இன்னும் நான்கு வரிதானே என்று நினைத்தேன். அவர் கை தூக்கவில்லை. நான் திருகினேன். கைதட்டலில் ஏசியின் விசிறிச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசர் எழுந்தது, அறை இருண்டது.

பிரேக்கரை மேலே தள்ளிய பிறகு பார்த்தால், மைக்குக்கு ஒன்றாக அந்தப் பாட்டுக்குப் பதிவான நான்கு கிளிப்பும் திறக்கவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் ரைஸ் குக்கர் போட்டிருப்பார்கள் என்று முதலில் யாரோ சொன்னார்கள். பிறகு எல்லோரும் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஓட்ட டிஸ்க்க வச்சிக்கிட்டு ஸ்டூடியோவாம் ஸ்டூடியோ!"

"இருட்டுல பாடுன பாட்டு இருட்டோட போச்சு. கலாஸ்!"

பாடகர் சிரிக்கவில்லை. "என்னய்யா இப்புடிப் பண்ணிப்புட்ட?" என்று மட்டும் கேட்டார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "லேப்டாப்லயே ஏத்துன்னு நா அன்னைக்கே சொன்னேன்ல தம்பி" என்றேன். நான் எந்த அன்றைக்கும் அப்படிச் சொன்னதில்லை. எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பாடகர் புறப்பட்டார். எட்டுப் பேரிடம் கைகொடுத்து விடைபெற்றார். என்னைக் கட்டிப்பிடித்தார். மெக்கானிக் அவரது பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். பாடகர் அவருக்குக் கைகொடுக்காமலே ஏறிக்கொண்டார்.

மெக்கானிக் மைக்குகளைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். மூன்று வாரம் தொடவில்லை. நானாகத்தான் போய்க் கேட்டேன், திரும்ப எடுக்க வழியே இல்லையா என்று.

"ஃபைல் இருக்குண்ணே, தலதான் இல்ல. பதிவு முடியிறப்பதான் தலப்புல வெவரத்த எழுதும். அதுக்குள்ள கரண்ட் போயிருச்சு. என்ன செட்டிங்ல புடிச்சோம்னு தெரிஞ்சா உள்ள இருக்கறத அப்புடியே இழுத்துப் பாக்கலாம். அன்னைக்குன்னு பாத்து மாத்தி வச்சேன், என்னன்னு ஞாபகம் இல்ல."

என் நோட்டில் இருந்தது. லேப்டாப் திரையில் இருந்த எண்களையெல்லாம் அன்று குறித்திருந்தேன்: 48,000, 24 பிட்.

எட்டைத் தவறாகப் பார்த்திருப்பேனோ என்று எனக்கே சந்தேகம். அதனால் மெக்கானிக் முதலில் வழக்கமான 16 பிட்டில் திறந்தார். தகரக் கூரையில் பெருமழை பெய்வதுபோல் இரைந்தது. 24 வைத்து, வேகத்தை 44,100 ஆக்கினார். பாடகரின் குரல் வந்தது, ஆனால் தூக்க மாத்திரை போட்டவர்போல இழுத்தது. கடைசியில் என் எண்களையே போட்டார். அவர் குரல் அப்படியே வந்தது. மெக்கானிக் கட்டிலில் குத்தினார். "அண்ணே! அண்ணே!"

பிறகு நான்காவது கிளிப். கைதட்டலுக்காக மூலையில் வைத்த மைக். என் காலடியில் இருந்தது.

பாட்டையும் கைதட்டலையும்விடக் கிட்டத்தில் ஒரு முணுமுணுப்பு கேட்டது. "ஐநூத்தி முப்பத்தெட்டு... ஐநூத்தி முப்பத்தொம்போது..." நொடிகளை வாய்விட்டு எண்ணியிருக்கிறேன்; எனக்கே தெரியாது. ஐந்நூற்று நாற்பத்தொன்றில் எண்ணிக்கை நின்றது. செருப்புச் சத்தம். பிறகு, டக். விசிறி. பல்லவியின் கடைசி இரண்டு வரி டிஸ்க்கில் ஏறவே இல்லை.

மெக்கானிக் அந்த இடத்தை மறுபடி ஓட்டவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஏசி மெக்கானிக்குக்கு அந்த 'டக்' என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ஒங்க கணக்கும் விழுந்துருக்குண்ணே" என்றார். "எடுத்துரவா, இருக்கட்டுமா?"

"எடுத்துடுங்க தம்பி" என்றேன்.

எடுத்துவிட்டார். கடைசி இரண்டு வரிக்கு முதல் பல்லவியிலிருந்து வெட்டி ஒட்டினார். பாட்டை எல்லோருக்கும் அனுப்பினார். பாடகரிடமிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "பெருசு, நீங்க கூட ஒக்காந்து எடுத்துக் குடுத்தியளாமே. ரொம்ப நன்றிய்யா. அந்தப் பய கெடுத்தத நீங்க சரி பண்ணிட்டிய."

பதினொரு நொடி. அதை ஒன்பது முறை கேட்டேன். மறுநாள் காலை மெக்கானிக்கிடம் வெட்டாத நான்காவது கிளிப்பைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பாடகருக்கு அனுப்பி, கீழே எழுதினேன்: "கேளுங்கள். எண்ணுகிறவன் நான். திருகியவனும் நான். அந்தத் தம்பி எதையும் கெடுக்கவில்லை."

வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்தது. எனக்குப் பதில் வரவில்லை. சாயங்காலம் மெக்கானிக்கின் போன் அடித்தது. "சொல்லுங்க மாமா" என்றபடி வராந்தாவுக்குப் போனார். பாடகரை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். இருபத்திரண்டு நிமிடம் பேசினார். நடுவில் இரண்டு தடவை சிரித்தார். நான் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, எனக்கும் போன் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மைக்குகள் வெளியே வந்தன. இப்போது திருகுப் பக்கம் வேறொருவர் உட்காருகிறார். எனக்குக் கதவோரத்தில் இடம், மைக்குகளிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி. எண்ணாமல் இருக்க இன்னும் முடியவில்லை. பதிவு முடியும்வரை துண்டின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு எண்ணுகிறேன்.